புது ராஜாவுக்குப் பூங்கொத்து

ஜவோத் நீட்டிய பூங்கொத்தைப் பார்த்ததும் உர்சுலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகனைப் புதைத்த நாளிலிருந்து சிரிக்காத வாய் அது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அடிப்பாவி, லில்லியாடி கட்டிட்டு வந்திருக்க?"

ஜவோத் தன் கையையே முறைத்தாள். ராஜாவுக்குப் பூ என்றால் வெள்ளை லில்லிதான், அது அரச வம்சத்துச் சின்னம். வருஷக்கணக்காக அப்படியே கட்டிப் பழகிய பூக்காரி கை. பழைய ராஜா ஊரை விட்டு ஓடியதும், அவர் சொந்தக்காரரே ஒருவர் புது ராஜாவாகப் பட்டமேறியதும் கைக்கு எப்படித் தெரியும்? இந்த ஜூலைக் கலகத்தில்தான் பாரீஸ் ஜனங்கள் லில்லி வரைந்த கடைப்பலகைகளை எல்லாம் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள்.

"ஐயோக்கா, பழக்கதோஷம். முசியே பெர்த்லோ பாத்தா என் தோல உரிச்சிடுவாரே."

பட்டமேறிய ராஜாவுக்குச் சந்தைப் பெண்கள் பூங்கொத்தோடு போய் வாழ்த்துச் சொல்வது அந்த ஊரில் காலங்காலமாக நடப்பது. யாருக்குத் தொண்டை பெரிதோ அவள்தான் பேச வேண்டும். மீன் கூவிக் கூவி உரமேறிய உர்சுலின் தொண்டைக்குப் போட்டியே கிடையாது. போன ராஜா பட்டமேறியபோதும் அவள்தான் பேசினாள். 'மகராசனாக நூறு வருஷம் இருங்க' என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த மகராசனின் சிப்பாய்கள்தான் இந்தக் கலகத்தில் சந்தை நீரூற்றுக்குப் பக்கத்தில் அவள் மகன் அன்செல்மைச் சுட்டார்கள். தெருவெல்லாம் கல்லடுக்கித் தடுப்பு, தாங்க முடியாத வெயில் வேறு. பிணங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வழியில்லாமல் விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள். உர்சுல் மீன் பலகைக்குப் பின்னால் நின்றால் அந்த மேடு நேரே தெரியும்.

இன்றைக்கு அவளுக்குப் போகப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட முடியுமா? சந்தையில் யாருக்கு எந்த இடம் என்பது, முசியே, அதாவது ஐயா, என்று எல்லோரும் கூப்பிடும் மேற்பார்வையாளர் பெர்த்லோவின் கையில் இருக்கிறது. அவளுக்கு இருப்பதோ அந்த ஒரு பலகைதான். வெள்ளைக் குல்லாயைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

அரண்மனைக்குப் போகும் வண்டிகளோடு பெர்த்லோ வந்தார். போன மாதம்வரை தொப்பியில் பழைய ராஜாவின் வெள்ளை ரிப்பன் வைத்திருந்தவர். இப்போது கலகக்காரர்கள் கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறமும் பளபளத்தது. லில்லியைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"என்னைக் கொல்லப் பாக்குறீங்களா? மூணு நாள் ரத்தம் சிந்தி ராஜாவ மாத்தியிருக்கோம், நீங்க லில்லிய நீட்டுறீங்க!"

"சிந்தியிருக்கோமா? உங்களுக்கு எங்க அடிபட்டுது முசியே?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்க, பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் காதில் வாங்காமல் லில்லிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். கடைசியில் பச்சை இலைதான் மிஞ்சியது.

"வேற பூ எங்க?"

"எங்க இருக்கு? ஊருல பூத்ததெல்லாம் அங்கதான் இருக்கு" என்று ஜவோத் நீரூற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். காட்டியிருக்கக் கூடாது.

அவர் கண் அந்த மேட்டில் நிலைத்தது. யாரோ காலையில்தான் புதிதாகக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள், நீலமும் வெள்ளையும் சிவப்புமாக. "அட, நமக்கு வேணுங்கிற நிறமே இருக்கே!" என்றபடி விறுவிறுவென்று போய், குனிந்து, இரண்டு கையாலும் அள்ளினார்.

"முசியே, அது அன்செல்மோடது" என்றாள் உர்சுல்.

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு? கேட்டிருந்தா உன் புள்ளயே குடுத்திருப்பான்."

உர்சுல் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேட்டுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவன் குடுத்தது போதும். கீழ வையி."

இத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை.

"யார்கிட்ட பேசுற? நாளைக்கு உனக்குக் கடை இருக்காது, உர்சுல்."

பயமாகத்தான் இருந்தது. அந்தப் பலகை போனால் பிச்சைதான். ஆனால் அவர் விரலிடுக்கில் ஒரு நீலப்பூ நசுங்கிக் கிடந்தது, அதைப் பார்த்தபின் அவளால் நகர முடியவில்லை.

"தூக்கிட்டுப் போ. அந்தப் பலகையக் கொண்டுபோய் உன் ராஜாவுக்குக் கால்மணை செஞ்சு குடு. நாற்காலியத்தான் இவனுங்க செத்து வாங்கிக் குடுத்தாச்சே. பூவ வை."

ஜவோத் வந்து அவள் தோளை ஒட்டி நின்றாள். பின்னாலேயே முட்டைக்கோஸ்காரி வந்தாள், பிறகு வெண்ணெய்க்காரி. அரண்மனைக்குப் புறப்பட்டு வண்டியில் ஏறியிருந்தவர்களும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

பெர்த்லோ பூவைக் கீழே போட்டார்.

"உங்க எல்லாரையும் பாத்துக்குறேன்" என்று திரும்பியவர் கையில் ஜவோத் அந்த இலைக்கட்டைத் திணித்தாள். "வெறுங்கையோட போகாதீங்க முசியே. வெயில் ஜாஸ்தி, ராஜாவுக்கு விசிறிவிடலாம்."

காலி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. உர்சுல் மண்டியிட்டு, சிதறிய பூக்களைப் பொறுக்கி மேட்டின்மேல் பழையபடி வைத்தாள். பிறகு தன் பலகைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். நாளைக்கு இந்த இடம் யாருக்கோ? இன்றைக்கு அவளுடையது.

வெள்ளைக் குல்லாயைக் கழற்றாமலே அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்தாள்.

"கானாங்கெளுத்தி! கானாங்கெளுத்தி!"

நீரூற்றில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் சடசடவென்று எழும்பின.