இல்லாத விரிசல்

கல்லூரியில் அவளுடைய சொந்தப் பேர் எல்லாருக்கும் மறந்தே போயிருந்தது. அவள் 'கிராஃபிக்ஸ்', அவ்வளவுதான். வகுப்பில் ஒருத்தன் குறும்படம் எடுக்கப்போவதாகச் சொல்லி, அன்றைக்கே தன்னை டைரக்டர் என்று கூப்பிட வைத்துவிட்டான். அவன் கதையில் ஒரு பூதம் கட்டடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பூதத்தைக் காட்டத் தெம்பில்லாததால், சுவர் பிளப்பதோடு படத்தை முடித்துக்கொள்வதென்று ஆனது. பிளக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

அவள் குடியிருந்த அடுக்குமாடியின் முன்பக்கச் சுவரைத்தான் படம் பிடித்திருந்தார்கள். டைரக்டரின் கை நடுக்கத்தில், அவள் கம்ப்யூட்டரில் ஒட்டிய விரிசல் ஓரிடத்தில் நிற்காமல் பூரான் மாதிரி ஊர்ந்தது. அதைச் சுவரோடு சேர்த்து நிறுத்துவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பிஸ்கட்டை உடைத்துப் படமெடுத்து, விரிசலின் ஓரங்களை அதிலிருந்து உருவாக்கினாள். கறுப்புத் துணிக்கு முன்னால் மைதா மாவை ஊதிப் புழுதி கிளப்பினாள். மாவு டப்பாவைத் தேடி வந்த அம்மா, புருவமெல்லாம் நரைத்துப்போன மகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

டைரக்டருக்குத் திருப்தியில்லை. "ஏதோ பென்சில்ல கோடு போட்ட மாதிரி இருக்கு. பாத்தா வயித்தக் கலக்கணும்!"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை விரிசலுக்குள் இருட்டு வைத்தாள், உதிரும் காரை வைத்தாள். முடித்ததும் அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள்.

மத்தியானத்துக்குமேல் கடைத்தெருவில் நின்றுதான் அம்மா அதைத் திறந்தாள், மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. பதில் போடுகிறேன் என்று எதையோ அழுத்தி, அந்த வீடியோவையே கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். பாராட்டாக இருக்கட்டுமே என்று கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை.

சாயங்காலம் டைரக்டரோடு அவள் திரும்பியபோது கட்டடத்து ஜனமே தெருவில் நின்றது. ஒருத்தர் கையில் மீன் தொட்டி. ஒருத்தி பாதி வெந்த சோறு இருந்த குக்கரோடு. மூன்றாவது மாடிப் பெரியவர் இடுப்பில் துண்டும் கையில் டிவி ரிமோட்டுமாக நின்றார். ஹவுஸ் ஓனர் பெண்மணி தன் போனைத் தூக்கிப் பிடித்து, படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடியோல இருக்கு, சுவத்துல காணோமே?"

"அது உள்ளுக்குள்ளயே ஓடும்மா" என்றார் பெரியவர். "மத்தியானமே டம்முனு ஒரு சத்தம். நான்தான் என் வயிறுன்னு விட்டுட்டேன்."

விஷயம் புரிந்ததும் அவள் கூட்டத்துக்குள் புகுந்தாள். "ஆன்ட்டி, அது... நான் பண்ணது."

"நீயா? சுவத்தையா உடைச்ச?"

"ஐயோ, கம்ப்யூட்டர்ல ஆன்ட்டி! படத்துக்கு!"

லேப்டாப்பைத் திறந்து ஒரு தட்டு தட்டினாள். விரிசல் மறைந்தது. மறுபடி தட்டினாள், வந்தது. கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. பெரியவர் மெல்ல முன்னால் வந்தார். "அப்படியே எங்க பாத்ரூம் ஒழுகறதையும் எடுத்துவிடு தாயி."

ஓனரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, பைகளோடு வந்து இறங்கினாள் அம்மா. "என்ன, எல்லாரும் வெளிய நிக்கறீங்க? கரண்ட் போச்சா?"

டைரக்டர் இதற்குள் ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்து எல்லா முகத்தையும் படம் பிடித்திருந்தான். "இந்தப் பயம் நடிச்சா வராது!" என்று குதித்தான். படத்தில் போட்டுக்கொள்ள எல்லாரும் சம்மதித்தார்கள். பெரியவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "எனக்கு பேன்ட் மாட்டிவிட்டுடணும்."

அந்த வேலையும் அவளுக்குத்தான்.

ஓனருக்கு மனசு ஆறவில்லை. விரிசல் என்றதும் ஒருத்தர்கூடச் சந்தேகப்படாமல் நம்பிவிட்டார்கள் என்றால், சுவர் அந்த லட்சணத்திலா இருக்கிறது? மறுநாளே பெயின்டரை வரவழைத்துவிட்டார். டைரக்டர் மிச்சக் காட்சிகளை எடுக்க ஓடி வருவதற்குள் பாதிச் சுவர் பளீரென்று மஞ்சளாகியிருந்தது. வேறு வழியில்லாமல் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சளையெல்லாம் அவள்தான் பழைய சாம்பல் நிறமாக மாற்ற வேண்டும்.

சன்னலோரம் உட்கார்ந்து அவள் மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே பலகையில் தொங்கியபடி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர், பிரஷ்ஷை நிறுத்திவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நான் இங்க அடிக்க அடிக்க, நீ அங்க அழுக்காக்கிட்டே இருக்கியே?"

"மன்னிச்சிருங்கண்ணே, படத்துக்குப் பழைய சுவர்தான் வேணும்."

அவர் தன் வாளியைப் பார்த்தார், அவளுடைய திரையைப் பார்த்தார்.

"அப்போ நான் ரெண்டாவது கோட்டிங் அடிக்கவா, வேணாமா?"