73939133: வாலை வெட்டினாலும் சாகாத எண்

1.

இந்தக் கதை எனக்குப் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பாக்கியலெட்சுமி டீச்சரின் துணிச்சுருள் என் மடியில் வந்து விழ, "என்னங்க இது?" என்றேன். இறங்கும் வரை அவர் நிறுத்தவில்லை. நான் அங்கேயே எழுத எழுத, பக்கத்திலிருந்து படித்துத் திருத்தவும் செய்தார்.

2.

"மலைகளின் மேல் பனி படர்ந்திருந்த அந்தக் காலையில்..."

(வேண்டாம். டீச்சர் பனியைப் பற்றிப் பேசவே இல்லை.)

பதுளையில் கணித விழா. டீச்சரின் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டுக்கு மேலான உயர்தரக் கணித வகுப்பு தொடங்கலாமா என்று முடிவு செய்யும் அதிகாரியும் வருகிறார். அவர் முன்னால் பேச டீச்சர் எடுத்துக்கொண்டது 73939133. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் முதன்மை எண். கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913, அதுவும் முதன்மை எண். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போய் 7 மட்டும் மிஞ்சினாலும் அப்படியே.

இதைத் துணியில் எழுதக் கொடுத்திருந்தார். விழாவன்று காலை வாங்கப் போனால், பெயின்டர் ஸப்ரான் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். கடைசி இலக்கம் மூணுக்குத் துணி பத்தல்ல."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு துணியைப் பார்த்தார்: 7393913. சிரிப்பு வந்துவிட்டது.

"பரவாயில்ல தம்பி. உங்க கையால வெட்டுப்பட்டும் உசுரோடதான் இருக்கு!"

3.

அதிகாரியை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். மீசைகூட வைத்தேன். "அய்யோ, அவரு நல்ல மனுசங்க" என்று டீச்சர் அதை எடுக்கவைத்தார். ஆனால் அந்த நல்ல மனிதருக்கும் சந்தேகம் இருந்தது.

"இதெல்லாம் தோட்டத்துப் புள்ளைகளுக்கு வெளங்குமா டீச்சர்?"

துணியின் ஓரத்தில் 3 எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கலாராணி, அதே தோட்டத்துப் பிள்ளை, பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை முடித்தவள்.

"அவகிட்டயே கேளுங்க சார்."

"சரி, வாலை வெட்டிக்கிட்டே வாறீங்களே. கடைசியில ஏழுன்னு இன்னொரு இலக்கம் சேத்து நீட்டினா என்ன?"

கலாராணியின் உதடுகள் அசைந்தன.

"ஆகாதுங்க சார். எல்லா இலக்கத்தையும் கூட்டினா நாப்பத்தஞ்சு வருது. மூணால வகுபடும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க. இப்பத்தான் கூட்டினேன்."

(டீச்சர் எனக்குச் சொன்னது: ஒன்றைச் சேர்த்தாலும் மூன்றால் வகுபட்டுவிடும். வேறு எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் முதன்மை எண் ஆகாது. இந்த வகையில் இதுதான் ஆகப் பெரியது.)

அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். துணியைக் கட்ட வந்திருந்த ஸப்ரான் விசிலே அடித்தான்.

4.

முடிவு அ: அனுமதி மறுக்கப்பட்டு, டீச்சர் மழையில் தனியாக...

"ஏங்க அழ வைக்கிறீங்க? அதான் கெடைச்சிருச்சே!"

கிடைத்தது. ஒரு பள்ளித் தவணைக்கு, மூன்று மாதம்போல, நடத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் வந்தால் தொடரும். நாங்கள் பஸ்ஸில் பேசிய அன்றுதான் முதல் வகுப்பு. கலாராணி வருவாள், மற்றவர்கள் தெரியாது. டீச்சர் இறங்கிப் படியேறினார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய எண்ணாகவே போடுங்கள்.