கடிகாரக்காரி

கிர்பி கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி ஆடும் நாளில் லோரீன் ஸ்ட்ராட்மேனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளாது. டோஸ்டில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை நாய்க்குப் போடுவாள். ஆட்டம் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். பத்து மணிக்கே காரை எடுப்பாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் திரும்புவாள். அந்த அணிமேல் தனக்கு ஒரு பிடிப்பும் இல்லை, எல்லாம் பொறுப்பு தருகிற பயம்தான் என்று சத்தியம் செய்வாள். யாரும் கேட்காமலே செய்த சத்தியம் அது.

அவள் பொறுப்பு ஆட்டக் கடிகாரம். மைதான ஓரத்து மேஜையில் உட்கார்ந்து விசையை அழுத்த வேண்டும். ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்கும். வெளியிலிருந்து எறிந்த பந்து உள்ளே ஒருத்தி கையில் பட்டதும், நடுவர் உயர்த்திய கையைக் கீழே வெட்டுவார். அந்தக் கணமே கடிகாரம் ஓட வேண்டும். கேட்க எளிது. அரை வினாடி பிசகினால் ஊரே பேசும்.

பழைய கடிகாரக்காரர் புளோரிடாவுக்குக் குடிபோனபோது கல்லூரிக்காரர்கள் இவளைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுவதுதான் இருபத்தாறு வருடமாக இவள் வேலை. சொந்தத் தம்பி சோள லாரியோடு வந்து நின்றாலும் ஒரு பவுண்டு கூடாது, குறையாது. தவிர, கூடைப்பந்தில் இவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. இந்தியானாவில் அப்படி ஓர் ஆள் கிடைப்பதே அதிசயம்.

மேஜையில் பக்கத்து நாற்காலி வெண்டல் கிராஸுடையது. ஓய்வுபெற்ற தபால்காரர், புள்ளி எழுதுபவர். மேஜைக்காரர்கள் கைதட்டக் கூடாது, கல்லூரி நிறத்தில் சட்டை போடக் கூடாது, பெருமூச்சுகூட விடக் கூடாது. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

"பந்தைப் பாக்காத லோரீன். நடுவர் கையை மட்டும் பாரு. பந்தைப் பாத்தா ஆசை வந்துரும்."

"எனக்கென்னய்யா ஆசை? எட்டிப் போட்டா என்ன, எறிஞ்சு போட்டா என்ன?"

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்றார் வெண்டல்.

மூன்று வருடம் அவள் கைகளை மட்டுமே பார்த்தாள். பார்க்காமலே எல்லாம் எப்படியோ உள்ளே போயின. பதினான்காம் எண் ஆட்டக்காரி டெசா விங்கேட்டின் இடது கணுக்கால் எப்போது வீங்கும் என்று தெரிந்தது. பக்கத்து மாவட்ட லாரி ஓட்டுநர்களிடம், "உங்க லாரிமர் காலேஜ் பொண்ணுங்க எப்படி ஆடுதுங்க இந்த வருஷம்?" என்று போகிற போக்கில் கேட்கத் தொடங்கினாள். "உனக்கெதுக்குக்கா அது?" என்று சிரித்தார்கள். சும்மாதான் என்றாள். முகம் மட்டும் சிவந்துவிட்டது.

பிப்ரவரியில் கடைசிச் சனிக்கிழமை லாரிமர் கல்லூரியோடு ஆட்டம். ஜெயித்தால் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கிர்பி, கல்லூரித் தொடரின் இறுதிச் சுற்றுக்குப் போகும். தோற்றால் அத்தோடு சரி. டெசாவுக்குக் கல்லூரியில் அது கடைசி வருடம். அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். லோரீன் இரண்டு நெஞ்செரிச்சல் மாத்திரைகளை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி குடி. உன் மூஞ்சி வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு" என்றார் வெண்டல்.

"விசை வழுக்குதுய்யா."

"விசை வழுக்கல. உன் கை வேர்க்குது."

லாரிமர் அறுபத்தொன்று, கிர்பி அறுபது. மீதி ஒன்று புள்ளி இரண்டு வினாடி. பந்து கிர்பியிடம், பக்கவாட்டிலிருந்து எறிய வேண்டும். நடுவர் கையை உயர்த்தினார். லோரீன் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, மூன்று வருடத்தில் முதல்முறையாக, பார்வையைத் திருப்பி டெசாவைப் பார்த்தாள்.

டெசா பந்தை வாங்கினாள், ஒரு தட்டு தட்டினாள், இடப்பக்கம் போவதுபோல் தோளை ஆட்டி ஏமாற்றி, வலப்பக்கம் திரும்பி எம்பினாள். அடி அம்மா, என்ன அழகு என்று லோரீன் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் கடிகாரம் இன்னும் ஓடவில்லை என்பது உறைத்தது. அழுத்தினாள். நேரம் முடிந்து சங்கு ஊதியபோது பந்து கையைவிட்டுப் போய்க் காற்றில் இருந்தது; அப்படியென்றால் கூடை கணக்கில் சேரும். வளையத்தில் படாமல் வலைக்குள் விழுந்தது.

அரங்கமே எழுந்து ஆடியது. லாரிமர் பயிற்சியாளர், "கடிகாரம் ஓடவே இல்ல! உள்ளூர்க் கடிகாரம்! ஊரை ஏமாத்துற கடிகாரம்!" என்று கத்திக்கொண்டு மேஜைக்கு ஓடி வந்தார். பெரிய பல்கலைக்கழகம் என்றால் திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். கிர்பியில் ஏது அந்த வசதி? ஒல்லியான தலைமை நடுவர் வந்து மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"நான் மனசுக்குள்ள எண்ணுனதுல, அவ எறியறதுக்குள்ள ரெண்டு வினாடி ஆயிருச்சு. ஆனா என் ஒருத்தன் கணக்கை மட்டும் வெச்சுக்கிட்டு நான் முடிவு சொல்லப் போறதில்ல. நீங்க சரியா அழுத்துனேன்னு சொன்னா கூடை கூடைதான். சொல்லுங்க மேடம், சரியா அழுத்துனீங்களா?"

லோரீன் விசையிலிருந்து கையை எடுத்தாள். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். அவள் சொன்னால் நம்பாதவர் யார்? இருபத்தாறு வருட எடை அவள் வார்த்தைக்கு இருந்தது. மைதானத்தின் நடுவில் பெண்கள் டெசாவைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவள் நெஞ்சை அடைத்தது. தம்பியின் லாரி நின்றபோதுகூட இப்படி ஒன்றை அவள் அறிந்ததில்லை. மேஜைக்கடியில் வெண்டலின் பூட்ஸ் அவள் காலை ஒருமுறை மிதித்தது. சொல் என்றா, சொல்லாதே என்றா? அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

"இல்ல" என்றாள். "லேட்டா அழுத்துனேன்."

"எவ்வளவு லேட்டு?"

"அந்தப் பொண்ணு ஒரு தட்டு தட்டித் திரும்புற வரைக்கும். நான் உங்க கையைப் பாக்கல. சரியா அழுத்தியிருந்தா, அவ எம்புறதுக்கு முன்னாடியே சங்கு ஊதியிருக்கும்."

நடுவர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். கூடை செல்லாது. ஆட்டம் முடிந்தது.

கூட்டம் ஊளையிட்டது. யாரோ சோளப்பொரிப் பையை மேஜைமேல் எறிந்தார்கள். வெண்டல் தன் புள்ளிப் புத்தகத்திலிருந்து பொரியைத் தட்டிவிட்டார்.

"ஏம்மா சொன்ன?" என்றார், கோபமில்லாமல்.

"கேட்டாருல்ல."

"சரி. அடுத்த வருஷம் பந்தைப் பாக்காம இரு."

"இல்லய்யா. வேற ஆளைப் பாத்துக்குங்க. எனக்கு இவங்க ஜெயிக்கணும். ஜெயிக்கணும்னு நெனைக்கிறவ கையில கடிகாரம் இருக்கக் கூடாது."

வாசலில் டெசா தனியாக நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. லோரீன் தலை குனிந்து கடந்துபோகப் பார்த்தாள், டெசா விடவில்லை.

"மேடம், அது உள்ள போச்சுல்ல?"

"போச்சும்மா. வளையத்துல படவே இல்ல."

"அது போதும்" என்றாள் டெசா. போதாது என்று முகத்தில் எழுதியிருந்தது. லோரீன் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று சொன்னவனைக் கண்டால் உதைக்கலாம் போலிருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடையில் தெரிந்த பெண்களே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனார்கள். எடை போட வந்த லாரிக்காரர்கள் மட்டும் அவள் எழுதிக் கொடுத்த சீட்டை முன்னைவிட வேகமாக, படித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் புதுப் பருவம் தொடங்கியது. டெசா படிப்பை முடித்துப் போய்விட்டாள். இனி அரங்கத்தில் தனக்கென்ன வேலை என்றுதான் லோரீன் நினைத்தாள். ஆனாலும் முதல் ஆட்டத்தன்று காலை டோஸ்ட் இறங்கவில்லை. கல்லூரி நிறத்தில் நீலச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, டிக்கெட் எடுத்து, நான்காம் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மேஜையில் இருந்தபோது பயத்துக்கு ஒரு வேலையாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. ஒன்பது வினாடி மிச்சம், கிர்பி ஒரு புள்ளி முன்னிலை, பந்து எதிரணியிடம். ஓட்டவோ நிறுத்தவோ அவளிடம் ஒன்றும் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மனிதர் திரும்பி உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அந்தக் கடிகாரக்காரி?"

"ஆமா."

"எங்க வாயில மண்ணைப் போட்டுட்டு இங்க வந்து நீலச் சட்டையா? நீங்க எந்தப் பக்கம்னே எனக்குப் புரியல."

"கிர்பி பக்கந்தான்" என்றாள் லோரீன். "அதனாலதான்யா அந்த மேஜையில உக்கார முடியல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடுவர் கையை உயர்த்தினார். அவள் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினாள்.