மேட்டு வீட்டுக் கூரை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கூரைக்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்று ஞாயிறும் அவர் மனைவி ஜன்னலில் நின்று அவர் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். அவள் தையல்காரி, மலைச்சரிவில் பாதி வீட்டு ஜன்னல்களுக்குக் குளிர்காலத் திரை தைத்துக் கொடுப்பவள். வேறு எங்காவது போனால் பிழைப்புக்குப் போகிறார் என்று விட்டுவிடலாம். மேட்டு வீட்டில் கூலியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. "தபாலம்மா தனியா இருக்காங்க, பனிக்கு முன்னாடி கொஞ்சம் ஒத்தாசை" என்பார். ஒத்தாசையாம் ஒத்தாசை!

தபாலம்மா என்றால் அந்தச் சரிவில் தெரியாதவர் இல்லை. முப்பது வருடம் தபால் பையைச் சுமந்து வீடு வீடாக ஏறி இறங்கியவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரை. முழங்கால் மட்டும் இருபது வயதுக்காரியுடையது. சிரித்தால் எதிர்மலையில் கேட்கும். கூரைக்காரர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், தையல்காரியும் அப்படித்தான். இதையெல்லாம் தையல்காரி தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். புத்தி கேட்டுக்கொண்டது. வயிறு கேட்கவில்லை, அது பாட்டுக்கு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? போன வருடம்வரை இலை உதிர ஆரம்பித்ததும் வரும் முதல் ஞாயிறு சொந்த வீட்டுக்கு என்று எழுதி வைத்த மாதிரி. ஊரே காத்திருந்தாலும் கூரைக்காரர் முதலில் தன் கூரையில்தான் ஏறுவார். நீளத் துடைப்பத்தை விட்டுப் புகைபோக்கியைத் தேய்ப்பார். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் பைன் மரத்து ஊசியிலைகளை வாரி வாரிக் கீழே போடுவார். அதைச் சாக்கில் அள்ள இரண்டு மகள்களும் அடித்துக்கொள்வார்கள். தையல்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று நூறு தடவை சொல்வாள். மத்தியானம் நாலு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து, கரி அப்பிய முகத்தோடு டீ குடிப்பார்கள். அவருக்கு ஊர் வேலை, அவளுக்குத் தையல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற குடும்பத்தில் நாலு பேரும் ஒரே வேலையில் நிற்கிற நாள் வருடத்துக்கு அந்த ஒன்றுதான். அதைத்தான் இந்த வருடம் தபாலம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தரையில் செய்யக்கூடியதையெல்லாம் தையல்காரி பெண்களை வைத்துக்கொண்டு செய்து முடித்துவிட்டாள். தோட்டத்துக் குழாயில் தண்ணீரை வடித்துச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள். விறகை மழை படாமல் அடுக்கினாள். ஜன்னல் சந்துகளில் வெட்டுத்துணியை முறுக்கிச் செருகினாள். மேலே உள்ளது மட்டும் பாக்கி. அடுப்பு மூட்டினால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது. கால்வாய் நிரம்பித் தண்ணீர் சுவரில் வழிந்து, தையல் மிஷினுக்கு நேர் மேலே ஓர் ஈரத் திட்டு படர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் பனியும் விழுந்து இறுகினால் கால்வாய் மொத்தமாகப் பெயர்ந்து விழும். இது கூரைக்காரருக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுக்கிறவர்!

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் முதல் வாரம். இரண்டாம் வாரமும் அதையே சொன்னார்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற ஆள் வேண்டுமே, பேக்கரிக்காரி வந்தாள். எதிர் வரிசையில் கடை வைத்திருப்பவள். திரைக்கு அளவு கொடுக்க வந்தவள் நாற்காலியில் ஆற அமர உட்கார்ந்து, ஈரத் திட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடி இது, கூரைக்காரர் வீட்டுலயே ஒழுகுது?"

"நேரம் கிடைக்கல அவருக்கு."

"மேட்டு வீட்டுக்கு மட்டும் நேரம் கிடைக்குதாக்கும்? நான் ஒண்ணும் சொல்லலம்மா. கண்ணுல பட்டது, கேட்டேன்."

ஒன்றும் சொல்லவில்லையாம்! சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனாள். தையல்காரி அன்று அவளுடைய திரையைத் தலைகீழாகத் தைத்து, மறுபடி பிரித்துத் தைத்தாள்.

அது போதாதென்று மூன்றாம் ஞாயிறு சின்னவள் வேறு. அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க மேட்டு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "அம்மா, அப்பா அங்க எவ்ளோ பேசறாரு தெரியுமா? ஏணிப் பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தாங்க. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டாங்க" என்றாள்.

வீட்டில் அந்த மனிதர் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருந்து மூன்று மாதம் ஆகிறது. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அங்கே போய்ப் பேசுகிறாராம். பெற்ற பிள்ளையைப் பார்த்ததும் நிறுத்துகிற பேச்சு அப்படி என்ன பேச்சு? அந்த வாரம் முழுக்கத் தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவர் வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"செவ்வாய்க்கிழமை பனி விழும்னு ரேடியோவுல சொல்லிட்டான். நாளைக்கு ஞாயிறு. நம்ம கூரையில ஏறுவீங்களா, மாட்டீங்களா?"

"நாளைக்கு அக்கா வீட்டுல கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"அக்காவாம் அக்கா! அவங்க கூரை என்ன அரண்மனைக் கூரையா, மூணு வாரமா முடியாம இருக்க?"

"தனியா இருக்காங்க, பாவம்."

"நான் மட்டும் என்ன கூட்டத்தோடயா இருக்கேன்?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத்தான் வந்தார். பிறகு தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுநாள் காலை அவர் ஏணியோடு கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துத் தையல்காரியும் கிளம்பினாள். பெரிய பாதையில் போகவில்லை, பேக்கரிக்காரியின் கண் அங்கே இருக்கும். பின்பக்கக் குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, தபாலம்மாவின் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று வந்தவள்தான். எதைப் பிடிக்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் கண்ணில் பட்டது கூரைமேல் தபாலம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்வாயைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கூரைக்காரர் கீழே நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதென்ன கூத்து, ஒத்தாசைக்கு வந்தவர் கீழே, வீட்டுக்காரி மேலே?

தபாலம்மா மளமளவென்று இறங்கி வந்தாள். "ம், இப்ப நீங்க தம்பி" என்றாள்.

அவர் ஏறினார். ஒரு படி. இரண்டு. மூன்று. நான்காவதில் நின்றுவிட்டார். நெற்றியை ஏணியில் முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கால் நடுங்கிய நடுக்கத்தில் ஏணி சுவரில் கடகடவென்று அடித்தது.

"மூச்சு விடுங்க. கீழ பாக்காதீங்க."

"முடியலக்கா."

"சரி, இறங்குங்க. போன வாரம் மூணு, இந்த வாரம் நாலு. கூடியிருக்குல்ல?"

அவர் இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் கழுத்து வியர்த்திருந்தது. "பேக்கரி பூட்டியிருந்த அன்னைக்கு அந்தக் கூரையில வழுக்கினது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுக்கா. நீங்க மட்டும் அன்னைக்கு அந்தப் பக்கம் வந்து ஏணியைத் தள்ளிக் கொடுக்கலைன்னா இந்நேரம் நான் இல்ல."

"அதை விடுங்க. வீட்டுல சொல்லிட்டீங்களா இல்லையா?"

"ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்லக்கா. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

தையல்காரிக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. ஒரே ஒரு மூச்சு. அடுத்த மூச்சில் முன்னைவிடப் பத்து மடங்காகப் பற்றிக்கொண்டது. கோடையில் ஒரு நாள் உள்ளங்கை இரண்டும் கிழிந்து வந்து நின்றார். தகரம் கீறிவிட்டது என்றார். மருந்து போட்டுக் கட்டியவள் இவள். பத்து நாள் சோறு பிசைந்து கொடுத்தவள் இவள். பயத்தை மட்டும் கொண்டுபோய் அங்கே கொடுத்திருக்கிறார். பணம் காசு கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவர் பயப்படுவார் என்பதே இவளுக்குத் தெரியாது, தபாலம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் தனக்கு வராத ஒன்று மூன்று வாரத்தில் அவளுக்கு வந்துவிட்டதே என்று தையல்காரிக்கு அழுகை முட்டியது. அழுதால் சத்தம் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொட்டகைக்குப் போய்ப் பழைய மர ஏணியை இழுத்து வந்து சுவரில் சார்த்தினாள்.

"அம்மா, நீ ஏறப் போறியா?" என்று பெரியவள் அலறினாள்.

"பின்ன? வேற யார் ஏறுவா? பிடிடி கெட்டியா!"

ஆத்திரத்துக்குக் கால் முளைத்தால் ஏணி ஒரு விஷயமே இல்லை. ஏறிவிட்டாள். கூரை விளிம்பில் குந்தி உட்கார்ந்து, கால்வாயில் கையை விட்டு, அழுகிய ஊசியிலைகளை வாரி வீசினாள். ஐந்தாறு பிடி வீசியதும் ஆத்திரம் இறங்கிவிட்டது. அவள் மட்டும் மேலேயே இருந்தாள். தெரியாத்தனமாகக் கீழே பார்த்தாள். முற்றம் எங்கேயோ கிடந்தது.

இதற்குள் சின்னவள் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே தபாலம்மா. அவளும் வர வேண்டுமா? வந்தாள்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா? இறங்கு!"

"கூரைக்காரர் வீட்டுக் கூரையை யாராவது பாக்கணும்ல?"

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

"அப்ப ஏறி வாங்க. வந்து பாருங்க."

அவர் ஏணியில் கை வைத்தார். ஒரு படி ஏறினார். இரண்டாவதில் நின்றார். எதிர் வரிசையில் பேக்கரிக்காரியின் ஜன்னல் திறந்தது. தையல்காரி மேலேயிருந்து அவர் உச்சந்தலையைப் பார்த்தபடி இருந்தாள். வேண்டாம் இறங்குங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னால முடியல" என்றார் அவர்.

"என்ன முடியல?" தெரிந்தேதான் கேட்டாள். அவர் வாயால் வர வேண்டும்.

"மேல ஏற முடியல. கோடையில வழுக்கித் தொங்கிட்டேன். அதுலேர்ந்து பயம். ஏணியைத் தொட்டாலே நடுங்குது. மத்த வீட்டுக்கெல்லாம் கூட்டாளியைத்தான் ஏத்தறேன். நம்ம வீட்டுல அவனை ஏத்தினா நீ ஏன்னு கேப்பே. அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"வெக்கமா இருந்துச்சுடி. எங்க வீட்டுக்காரர் கூரையில நடந்தா நாம தரையில நடக்கிற மாதிரின்னு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் நீதானே சொல்லிட்டு இருக்கே? அப்புறம் எப்படிச் சொல்வேன்?"

சொன்னதுதான். அளவு கொடுக்க வந்த ஒருத்தியைக் கூட விட்டதில்லை. தையல்காரி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், முகமெல்லாம் சேறானது.

தபாலம்மா சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீ இறங்கும்மா. மிச்சத்தை நான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன்."

"வேணாங்க்கா."

"கை நடுங்குதே உனக்கு."

"நடுங்கட்டும். இது எங்க வீட்டுக் கூரை. அவரு பிடிச்சிருக்காரு."

தபாலம்மா அவளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எதிர்மலை அதிரச் சிரித்துவிட்டு, பெரியவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள். அவள் திருப்பம் தாண்டி மறைகிறவரை தையல்காரி கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் நகர்ந்து உட்கார்ந்து கால்வாயில் கை விட்டாள்.

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து வழி சொன்னார். "இடது காலை நகர்த்தாதே. தகரத்துல எடை போடாதே, ஓட்டு மேல போடு. ஆங், அப்படித்தான்." பெண்கள் இரண்டும் சாக்கோடு ஓடின. பாதிக் கால்வாய் முடிந்தபோது அவர் சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் இவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?"

"நீ விளிம்புல உக்காந்திருக்கிறதைப் பாத்தா, நான் ஏறினப்போ வந்ததைவிட ஜாஸ்தியா பயமா இருக்கு."

தையல்காரி கையை நிறுத்தினாள்.

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"தபாலம்மாவுக்கு."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? இப்பத்தானே வந்துச்சு. உன்கிட்டதான் சொல்றேன்."

அவள் மேட்டு வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பெரிய பிடியாக ஒன்றை வாரிக் கீழே போட்டாள்.