பல் டாக்டரின் ரோஸ் சுவர்

பெயிண்டுக் கடையில் கலர் அக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. நிறம் கலக்க அவளுக்கு அட்டை வேண்டாம், மாதிரி வேண்டாம். வாயால் சொன்னால் போதும், சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி அச்சு அசலாக நீட்டிவிடுவாள். மெஷினை நம்புகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு மாதமாக அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. இமை மேலே ஏறி, முழி வெளியே தள்ளி, சும்மா பார்த்தாலே முறைப்பது போல இருந்தது. உடம்பு இளைத்தது, நெஞ்சு படபடத்தது. வேலை அதிகம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இதில் ஆதாயமும் இருந்தது. புகார் சொல்ல வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஒருநாள் சாப்பிடும்போது உப்பு கேட்க அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, ஒத்துக்கறேன். உன் சைக்கிளைச் சுவத்துல இடிச்சது நான்தான்."

அவள் உப்புக்காகக் கையை நீட்டினாள்.

"உன் தங்கச்சி போன் பண்ணப்போ நீ வீட்ல இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவது அவர் வேலையானது. டாக்டரிடம் போனால் இந்தச் சுகம் போய்விடுமே என்று அவளும் தள்ளிப்போட்டாள். அற்ப ஆசைதான்.

அப்போதுதான் பல் டாக்டர் கடைக்குள் குதித்துக்கொண்டு வந்தார்.

"நான் என்ன கேட்டேன்? வெயிட்டிங் ரூமுக்கு லேசான ரோஸ். பயந்து வர்றவங்களுக்கு மனசு அமைதியாகணும்னு கேட்டேன். நீங்க குடுத்ததைப் பாத்துட்டு ரெண்டு பேர் வாசலோட திரும்பிட்டாங்கம்மா!"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மிச்ச டப்பாவைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ரோஸ் இல்லாம வேற என்ன?"

"ரத்தம்."

கடை முதலாளியும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினார்.

பல் டாக்டர் அவள் முறைப்புக்குப் பயப்படவில்லை. கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், "கண்ணை மூடுங்க" என்றார். மூடினாள்.

"முழுசா மூடுங்க."

"மூடித்தானே இருக்கேன்!"

"இல்லம்மா, வெள்ளை தெரியுது. ஒவ்வொரு கண்ணாப் பொத்திட்டு டப்பாவைப் பாருங்க."

வலது கண்ணுக்கு அது ரோஸ். இடது கண்ணுக்கு அதுவும் இல்லை, வெறும் சாம்பல். நிறம் போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அன்றைக்கே வீட்டுக்காரரோடு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"தைராய்டு கோளாறும்மா," என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். "கண்ணுக்குப் பின்னாடி தசை வீங்கி, பார்வை நரம்பை அழுத்துது. அதான் சிவப்பு மங்குது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா பார்வையே போயிருக்கும். இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கணும். வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கறீங்களா? அந்தப் புகை இந்தக் கண்ணுக்கு ஆகவே ஆகாது."

இத்தனை வாக்குமூலத்தில் அது மட்டும் வந்ததில்லை. அவள் திரும்பினாள். இந்த முறை நிஜமாகவே முறைத்தாள். வீட்டுக்காரர் குனிந்து, சாக்ஸுக்குள்ளிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சத்தியமா இதோட விட்டுட்டேன்."

நான் சொல்கிறவரை அந்தச் சுவரை மாற்றாதீர்கள் என்று பல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். வாராவாரம் போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதலில் சாம்பல். பிறகு அழுக்கு ரோஸ். தேறுமா தேறாதா என்று வீட்டுக்குப் போய் அழுதாள். ஐந்தாம் வாரம் கையை வைத்துப் பொத்தியதுதான் தாமதம், சுவர் செக்கச்செவேலென்று எதிரே நின்றது.

"ஐயோ, என்ன கண்றாவி இது!" என்று சொல்லி, சந்தோஷம் தாங்காமல் விம்மி விம்மி அழுதாள்.

பெஞ்சில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர் கலவரமாகிவிட்டார். "ரொம்ப வலிக்குமாம்மா?"

"அதெல்லாம் இல்லண்ணா." இன்னும் முழுதாக அடங்காத கண்களை அவர் பக்கம் திருப்பினாள். "ரத்தம் தெரியுது, அப்படியே ரத்தம்!"

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே செருப்பைத் தேடினார்.