இடது காலைப் பிடித்தவர்

ஞானராஜின் காலை உடைத்தது எதிர் டீம்காரன் என்றால், அன்னத்தாய் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். பந்தாட்டம் என்றால் அடிபடத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் முழுக்க ஒருவனாலும் அவனைத் தொட முடியவில்லை. விசில் ஊதி, ஜெயித்தும் முடித்த பிறகு, சொந்த சனம் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடிக் கீழே போட்டது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறு. நெல்லை யங்மென்ஸ் கிளப் என்பது பம்பாய் தாராவிப் பையன்களின் டீம். தோல் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள். மழைக்காலம் பூராவும் சேற்றில் விழுந்து எழுந்து விளையாடி, அன்றைக்கு மாட்டுங்கா மைதானத்தில் ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்து மூன்றாம் டிவிஷன் சாம்பியன் ஆனார்கள். அந்த ஒரு கோலை ஞானராஜ்தான் போட்டான். லெஃப்ட் அவுட் ஆடுகிறவன், இடது கால்தான் அவனுக்கு எல்லாம்.

சீசனின் கடைசி ஆட்டம் முடிந்தால் ஆட்டக்காரர்களின் வீட்டார் எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கிவிடுவது கிளப்பின் வழக்கம். அம்மா, அக்கா, பெண்டாட்டி, கைக்குழந்தை என்று ஒருவர் பாக்கி இருக்க மாட்டார்கள். அன்னத்தாயும் ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். மகன் அதற்குள் ஆட்களின் தோள்மேல் இருந்தான். அவள் பக்கத்தில் போவதற்குள் இடது பக்கமாகச் சாய்ந்து கூட்டத்துக்குள் விழுந்தான். அவன் மேல் பத்துப் பேர் விழுந்தார்கள். அவன் போட்ட கூச்சலையும் சந்தோஷக் கூச்சல் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் குதித்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

மறுநாள் திங்கட்கிழமை அவன் ஒரு துணி மில்லில் வேலைக்குச் சேர வேண்டியவன். மில்லின் டீமுக்கு ஆட வேண்டும், பெயருக்கு ஆபீசில் உட்கார வேண்டும், நிரந்தர வேலை. அப்பன் சுயம்புவின் பலசரக்குக் கடையில் புளி நிறுத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதில்லை என்று அன்னத்தாய் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மில் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடது காலில் தொடைவரை போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார். ரெண்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. நடக்கலாம், விளையாட முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

பிள்ளையைக் கீழே விட்டது யார் என்று அன்னத்தாய்க்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். வேடிக்கை என்னவென்றால், கேட்ட ஆளெல்லாம் வலது காலைப் பிடித்தவனாகவே இருந்தான். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வலது காலைப் பிடித்திருக்கிறார்கள். இடது கால் தானாக ஆகாயத்தில் நின்றிருக்கிறது. சுயம்புவிடம் கேட்டதற்கு, கூட்டத்தில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றார்.

ஒரே ஒரு ஆள்தான் இடது பக்கம் நின்றதாக ஒப்புக்கொண்டார். எதிர் வீட்டு உதுமான். தோல் பட்டறையில் பை தைக்கிறவர், டீமுக்குப் பந்து கிழிந்தால் இவர்தான் தைத்துக் கொடுப்பார்.

“எடப்பக்கம்தான் நின்னேன் அக்கா. சாயுதானேன்னு இடுப்பைப் பிடிச்சேன். என் கையில நிக்கல” என்றார்.

அவ்வளவுதான், அன்னத்தாய்க்கு ஆள் கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னவர் ஒருவர்தான் என்பதால் பழியும் அவர் ஒருவர் தலையில் விழுந்தது. தண்ணீர்க் குழாயடியில் முப்பது குடத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். உன் பிள்ளையின் காலும் இப்படிப் போகட்டும் என்றாள். உதுமானின் மனைவி சைனப் அவளுக்குத் தங்கச்சி மாதிரி. ஒரு வீட்டுச் சோறு மற்ற வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. எலும்பு கூடட்டும் என்று சைனப் ஆட்டுக்கால் சூப்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். அன்னத்தாய் அதை வாங்கி, அவள் கண்முன்னாலேயே சாக்கடையில் ஊற்றி, வெறும் வாளியை நீட்டினாள். சைனப் வாங்கிக்கொண்டு போனாள்.

கிளப் செக்ரட்டரி பிரம்மநாயகம் எல்லோரிடமும் நல்லவராக இருக்க ஆசைப்படுகிறவர். கொஞ்ச நாளைக்கு மைதானத்துப் பக்கம் வரவேண்டாம், எதற்கு வீண் பிரச்சினை என்று உதுமானிடம் சொல்லிவிட்டார். தெருப் பிள்ளைகள் உதுமானைப் பார்த்தால் நொண்டிக் காட்டின. இதெல்லாம் காதில் விழும்போது சுயம்பு கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார். ஞானராஜ் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வெற்றிவிழாவை ஞானராஜ் எழுந்து நடக்கட்டும் என்று தள்ளிப்போட்டு, ஜனவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அதே மைதானத்தில் வைத்தார்கள். இந்தத் தடவை சுற்றிலும் கயிறு கட்டி, ரெண்டு போலீஸ்காரர்களையும் நிறுத்தி, பலமான பந்தோபஸ்து. ஆட்டக்காரரும் வீட்டாரும் மட்டும் பேர் கூப்பிட்டதும் நடுவுக்குப் போய் சால்வை வாங்க வேண்டும். மற்ற சனமெல்லாம் கயிற்றுக்கு வெளியே. சுயம்பு ஜரிகைக் கரை வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்திருந்தார். ஞானராஜ் கம்பு ஊன்றி வந்தான். இடது கால் ரெண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது.

கோப்பை வைத்த மேஜைக்குப் பக்கத்தில், ஜெயித்த அன்று ஸ்டூடியோக்காரர் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆட்டக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் முட்டி மோதிக்கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொருவனும் அவனவன் மூஞ்சியைத்தான் தேடினான். பிரம்மநாயகத்துக்குத் தம் தலை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுப் போனதில் வருத்தம். அன்னத்தாய் மட்டும்தான் மகனைப் பார்த்தாள்.

சாயத் தொடங்கிய நேரம் அது. அவன் வாய் கோணிப் போயிருக்கிறது. பின்னாலிருந்து உதுமான் ரெண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துத் தாங்குகிறார். இடது கால் ஒரு தோளிலிருந்து வழுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் ரெண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டபடி, கேமராவைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். அது சுயம்பு.

அன்னத்தாய் பக்கத்தில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எடது காலு யாரு தோள்ல கெடந்துச்சு?” என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

“ஒரு செகண்டுதான், அன்னம். போட்டோக்காரன் இங்க பாருங்கன்னான். கோல் போட்டவனுக்கு அப்பன்லா நானு.”

நாலு மாதம். அவள் குழாயடியில் மண்ணை வாரித் தூற்றியபோது இந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருந்தார். சூப்பைச் சாக்கடையில் ஊற்றியபோது வாசலில்தான் நின்றார். ராத்திரி அவள் உதுமானைக் கரித்துக் கொட்டினால், ஆமாம், அவனாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒத்து ஊதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மகனிடம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒனக்குத் தெரியுமாலே?”

“ஜானே தோம்மா, விட்டுரு” என்றான் ஞானராஜ். “வெளிய தெரிஞ்சா அப்பா மொகத்துல எவன் முழிப்பான்? பாய் வெளி ஆளுதானே, நாலு நாள்ல மறந்துருவாங்கன்னு நெனச்சேன்.”

அவள் பெற்ற பிள்ளைதான். அவனுக்காகத்தான் ஊரைப் பகைத்தாள். அவன் என்னடாவென்றால், தன்னைத் தாங்கிப் பிடித்தவரையே கூசாமல் விற்றிருக்கிறான்.

“ஒனக்குக் காலு மட்டுந்தான் கோணிப் போச்சுன்னு நெனச்சேன்” என்றாள்.

அந்த நேரம் பார்த்து பிரம்மநாயகம் மைக்கில், கோல் போட்ட வீரன் ஞானராஜின் குடும்பத்தார் வரவும் என்று கூப்பிட்டார். அன்னத்தாய் முதல் ஆளாகப் போனாள். சால்வையை நீட்டிய கையைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். குழாயடியில் பேசியதைக் குசுகுசுவென்று திருப்பி எடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“எம் மவன் காலை விட்டது உதுமான் பாய் இல்ல. எங்க வீட்டுக்காரரு. போட்டோவுக்குக் கும்புடு போடக் கைய எடுத்துருக்காரு. படத்துல இருக்கு, வந்து பாத்துக்கிடுங்க. பாய் விழாமத்தான் பிடிச்சிருக்காரு. விசாரிக்காம அவரைப் பேசுனது நானு. என் நாக்குலதான் புழு விழணும்.”

உதுமான் வந்திருந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், அவர் தைத்த பந்தால் ஜெயித்த டீம் கோப்பை வாங்குவதைப் பார்க்க, சைனப்புடன் கயிற்றுக்கு வெளியே கடைசி மூலையில் நின்றிருந்தார். அன்னத்தாய் மைக்கை வைத்துவிட்டு அவரை நோக்கி மைதானத்தின் குறுக்கே நடந்தாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அவள் பாதி தூரம்கூடப் போகவில்லை, எவனோ ஒருவன், உதுமான் பாய்க்கு ஜே என்று கத்தினான். அவ்வளவுதான், சனம் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. போலீஸ்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இடது காலைப் பிடிக்கவேயில்லை என்ற அந்தப் பன்னிரண்டு பேரும், நொண்டிக் காட்டிய பிள்ளைகளைப் பெற்ற அப்பன்மாரும் உதுமானைச் சூழ்ந்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கதறக் கதறத் தோளில் தூக்கினார்கள். அவர் கதறியதும் சந்தோஷத்தில்தான் என்று நினைத்தார்களோ என்னவோ, இன்னும் உயரத் தூக்கினார்கள். தொப்பி கீழே விழுந்து மிதிபட்டது. சைனப் தூக்கியவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒருவனும் திரும்பவில்லை.

அன்னத்தாய்க்கு வந்த ஆவேசத்துக்கு அளவில்லை. ஓடிப்போய் அகப்பட்ட முதுகிலெல்லாம் ரெண்டு கையாலும் அறைந்தாள். எறக்குங்கலே, எறக்குங்கலே என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவனுடைய தலைமயிரை அவள் பிடித்து இழுத்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. உதுமானை இறக்கிவிட்டு, இதில் என்ன தப்பு என்கிற மாதிரி நின்றார்கள்.

உதுமான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது. அன்னத்தாயைப் பார்த்துத்தான் பேசினார்.

“நாலு மாசமா ஒரு மனுசன் எங்கிட்ட வந்து, நீரா விட்டீருன்னு கேக்கல அக்கா. தூக்குறதுக்கு மட்டும் இத்தனை பேரு வாரானுவ.”

அவள் கைகூப்பினாள். அவர் அதற்காக நிற்கவில்லை. சைனப் தொப்பியைப் பொறுக்கித் தட்டிக் கொடுத்தாள், அன்னத்தாய் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். கூட்டம் வழிவிட்டது.

பின்னாலேயே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுயம்பு ஓடிவந்தார். நடந்தது நடந்துவிட்டது, எல்லோரும் பார்க்கிறார்கள், குடும்பமாக நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும், ஸ்டூடியோக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

“ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நீரே நில்லும்” என்றாள் அன்னத்தாய்.

அறுந்து கிடந்த கயிற்றைத் தாண்டி, முன்னால் போகிற ரெண்டு பேரையும் பார்த்து நடந்தாள். அவர்கள் வேகமாகப் போனார்கள். அவளும் நடையை எட்டிப் போட்டாள். கூப்பிட்டால் நிற்பார்களா என்று தெரியாததால் கூப்பிடாமலே போனாள்.