பாஸ் மார்க் தொண்ணூற்று நான்கு

லூர்துராஜ் வாத்தியார் முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் பெயிலாக்கியதில்லை. சமூக அறிவியல் தாளில் இருபத்தெட்டு வாங்கியிருந்தாலும் சரி, முப்பத்திரண்டு வாங்கியிருந்தாலும் சரி, அவர் கைக்கு வந்தால் அது முப்பத்தைந்து ஆகிவிடும். முப்பத்தைந்துக்கு மேல் ஒரு மார்க் கூட்ட மாட்டார். அந்த விஷயத்தில் ஆள் படு கறார்.

மனைவி ஜோசபின் அதே மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் அரை மார்க் கேட்டுப் போனவர்கள், மறுகூட்டலில் இன்னொரு அரை மார்க்கையும் பறிகொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். தல்லாகுளம் வீட்டில் இருபத்தேழு வருஷமாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. பிள்ளைகள் கிடையாது. வகுப்புக்கு நாற்பது பேர் இருந்தார்கள்.

கொரோனா இரண்டாம் சுற்று வந்த வருஷம் அரசாங்கமே ஒன்பதாம் வகுப்புக்கு ஆல் பாஸ் போட்டுவிட்டது. லூர்துராஜின் சிவப்புப் பேனா சும்மா கிடந்தது. மே மாதம் இரண்டு பேருக்கும் பாசிட்டிவ் வந்தது. அவருக்கு வாசனை தெரிவது மட்டும் போயிற்று. ஜோசபினுக்குக் காய்ச்சலும் இருமலும். வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லி, வாசல் கேட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் தொண்ணூற்று நான்குக்குக் கீழே காட்டினால் உடனே தெரிவிக்கவும் என்று அதில் போட்டிருந்தது. பாஸ் மார்க் என்ன என்பது லூர்துராஜுக்கு விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே வைத்தியங்கள் வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு சுப்பராமன், கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், காம்பவுண்டுச் சுவரில் ஒரு பிளாஸ்க்கை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றார்.

"கபசுரக் குடிநீர், லூர்து சார். மூணு வேளை குடுங்கோ. நாலாம் நாள் டீச்சர் எழுந்து ஸ்கூலுக்கே போயிடுவா."

"ஸ்கூலு இல்லையே சார்."

"அதைச் சொல்லலை. உடம்பைச் சொன்னேன்."

அவர் மனைவி பட்டு தினம் ஒரு தூக்கில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். ஜோசபினின் தம்பி ஆன்றோ துபாயிலிருந்து ஏழு மாத்திரைகளின் பெயரை அனுப்பினான். அதில் ஒன்று பூச்சி மாத்திரை. சர்ச் ஜெபக்குழுவிலிருந்து ஓமமும் கிராம்பும் கற்பூரமும் கட்டிய பொட்டலம் வந்தது. மூக்கில் எலுமிச்சைச் சாறு விடும்படி தலைமையாசிரியர் போனில் சொன்னார். அதை லூர்துராஜ் முதலில் தன் மூக்கிலேயே விட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்து, வைத்தியங்களின் பெயரை வரிசையாக எழுதி மார்க் போட்டார். ஆவி பிடித்தல், அறுபது. கபசுரம், ஐம்பத்தைந்து. ரசம், எண்பது, ஜோசபின் இரண்டாவது டம்ளர் கேட்டிருந்தாள். பொட்டலம், நாற்பது. எலுமிச்சை, முப்பத்தைந்து. எந்த மருந்தும் பெயிலாகவில்லை. பக்கத்துக் கட்டத்தில் ஆக்சிஜன் அளவு.

முதல் நாள் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு என்றே எழுதினார். மறுநாள் தொண்ணூற்றைந்து. மூன்றாம் நாள் மெஷின் தொண்ணூற்று மூன்று காட்டியது. விரல் குளிர்ந்திருக்கிறது, தேய்த்துவிட்டுப் பார்த்தால் கூடும் என்று தேய்த்தார். கூடவில்லை. கூடியிருக்க வேண்டியதுதானே என்று தொண்ணூற்று நான்கு போட்டார். நான்காம் நாள் தொண்ணூற்றிரண்டு, பழைய பேட்டரி. ஐந்தாம் நாள் தொண்ணூறு, நகத்தில் மஞ்சள் கறை. பதிவேட்டில் அந்த மூன்று நாளும் தொண்ணூற்று நான்கு.

அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. பயம். பி.டி. மாஸ்டர் இம்மானுவேல் ஏப்ரலில் தொண்ணூறோடு ஆஸ்பத்திரிக்குப் போனார், தானே ஆட்டோவில் ஏறி, கையாட்டிவிட்டுப் போனார். பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். தொண்ணூறு என்று எழுதினால் ஜோசபினையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எழுதாமல் விட்டால் அவள் கட்டிலில் இருப்பாள். லூர்துராஜின் கணக்கு அவ்வளவுதான்.

ஜோசபினுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எதுவும் தெரியாது. ஆவி பிடிக்கும்போது மங்குகிறது என்று அவள் கண்ணாடியைக் கழற்றிய லூர்துராஜ், அதை ஃப்ரிட்ஜ் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"எம்புட்டுங்க?" என்று விரலை நீட்டியபடி கேட்பாள்.

"தொண்ணூத்திநாலு. ஜோரா இருக்கு."

அவள் நம்பினாள். கேட்கக்கூட மூச்சு வாங்கியது. அதற்கு மேல் சரிபார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

தினம் காலை பத்து மணிக்குக் கண்காணிப்பு மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். இரண்டாம் நாளே அவருடைய குரலை வைத்து, "லூர்துராஜ் சாரா? நான் உங்ககிட்ட படிச்ச கனகலட்சுமி சார்," என்று சொல்லியிருந்தாள். மதுரையில் எந்த ஆபீஸ் கவுண்டரில் போய் நின்றாலும் அந்தப் பக்கம் இருப்பவர் அவரிடம் படித்தவராகத்தான் இருப்பார். பாஸானவர்கள் எல்லாரும் எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

ஆறாம் நாள் போன் வந்தது.

"சார், டீச்சருக்கு இன்னைக்கு எம்புட்டு?"

"தொண்ணூத்திநாலும்மா."

எதிர்முனையில் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

"நேத்தும் தொண்ணூத்திநாலு. முந்தாநாளும் அதேதான். நாலு நாளா ஒரே நம்பரு சார்."

"நிலையா இருக்கும்மா."

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒம்பதாப்புல எங்க கிளாஸ்ல பதினேழு பேருக்குச் சரியா முப்பத்தஞ்சு. முப்பத்தாறுன்னு ஒருத்தருக்கும் இல்ல. எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார்."

லூர்துராஜ் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கும் முப்பத்தஞ்சாம்மா?"

"எனக்கு முப்பத்தொண்ணு சார். பேப்பரைக் குடுத்தப்போ கூட்டிப் பாத்தேன். அன்னைக்கு நீங்க போடலேன்னா எங்கப்பா என்னைப் படிக்க விட்டிருக்க மாட்டாரு. இங்க உக்காந்துருக்க மாட்டேன். அதுனாலதான் கேக்குறேன். டீச்சருக்கு நெசமா எம்புட்டு சார்?"

அறைக் கதவு திறந்திருந்தது. ஜோசபின் தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது.

"எம்பத்தெட்டு," என்றார்.

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. வாத்தியார் என்று பார்க்காமல் ஒரு மாணவிக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழுதார்.

"சார், அழுகாதீங்க. வண்டி அனுப்புறேன். வர்ற வரைக்கும் டீச்சரைக் குப்புறப் படுக்க வைங்க. கஷாயம் ஒண்ணும் குடுக்காதீங்க, பொறையேறிரும்."

முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. டீச்சரை ஏற்றும்போது சுப்பராமன் சுவரருகே புது பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். "இதுல அதிமதுரம் கொஞ்சம் தூக்கலா..." என்றவர், வண்டியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். லூர்துராஜ் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டுதான் ஏறினார். ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் கட்டிலுக்குக் காத்திருந்த இரண்டு மணி நேரமும் அது அவர் மடியில் இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். லூர்துராஜ் பதிவேட்டை நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ரசத்துக்கு எம்பதா?"

"நல்ல ரசம் டாக்டர்."

"தொண்டைக்கு இதமா இருந்துருக்கும். ஆக்சிஜன் எறங்குனா ஆக்சிஜன்தான் சார் குடுக்கணும். அது வைக்கிறோம். ஸ்டீராய்டு ஊசி, ரத்தம் ஒறையாம இருக்க ஒரு ஊசி. இம்புட்டுதான் இப்ப எங்க கையில இருக்கு."

"கேக்குமா?"

"நெறையப் பேருக்குக் கேக்குது. ரெண்டு நாள் முன்னாடி வந்துருக்கலாம்."

அதற்கு மேல் அவள் ஒரு மார்க் கூட்டிச் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளை லூர்துராஜ் தன் பேனாவால் எழுதியிருந்தார்.

அவருக்கும் பாசிட்டிவ் என்பதால் கூட இருக்க விட்டார்கள். பன்னிரண்டு நாள். பக்கத்துக் கட்டில் இரண்டு முறை காலியாகி இரண்டு முறை நிரம்பியது. ஜோசபின் முகமூடிக்குள்ளிருந்து கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்புவாள். அவர் எழுந்து குறுக்கே நின்றுகொள்வார். பதிமூன்றாம் நாள் காலையில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் விரலில் மெஷினை மாட்டினார். சிவப்பு எழுத்து தடுமாறி நின்றது.

"எம்புட்டுங்க?"

"தொண்ணூத்திமூணு."

ஜோசபின் கண்ணை மூடிக்கொண்டாள். 

"என்னங்க."

"ம்."

"ஒண்ணு கூட்டி எழுதுங்க."

வாழ்க்கையில் யாருக்கும் அரை மார்க் போடாதவள். 

"திரும்ப அங்க போகப் பயமா இருக்குங்க. ஒண்ணே ஒண்ணுதான."

அவருக்குப் போடத்தான் ஆசை. ஒன்று என்ன, பத்து கூடக் கூட்டிப் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ள ஆசை. 

"மாட்டேன் ஜோசபின். நீ எனக்கு வேணும்."

தொண்ணூற்று மூன்று என்று எழுதிவிட்டு கனகலட்சுமிக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் குப்புறப் படுக்க வைத்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் நானே வண்டியோடு வருகிறேன் என்றாள் அவள். ஜோசபின் கோபத்தோடு குப்புறப் படுத்தாள். லூர்துராஜ் கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அரை மணி ஆனதும் எழுந்து போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொடுக்க அவருக்கு மனம் வந்திருக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து, தூசியை வேட்டி நுனியால் துடைத்துக் கொண்டுவந்து, அவளைத் திருப்பி உட்கார வைத்து மாட்டிவிட்டார். பிறகு மெஷினை விரலில் மாட்டினார்.

"நீயே பாரு."

அவள் கையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள்.

"தொண்ணூத்தஞ்சு," என்றாள். "எழுதுங்க."

அவர் எழுதினார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, அவர் எழுதியதைச் சரிபார்த்தாள்.